டிராக்டருக்கு வடிகட்டி வாங்கப் போனது

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும். மழை விழுந்த அன்றைக்கு அதில் கால் வைக்க முடியாது. வைத்தால் மிதியடியைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை விடும். கொஞ்ச நாள் பொறுத்தால் ஒரு பதம் வரும். அந்தப் பதத்தில் உழுது விதைத்துவிடணும். விட்டோமோ, வெயில் ஏறி, பாளம் பாளமாக வெடித்து, கடப்பாறை போட்டாலும் இறங்காது. அப்புறம் அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எங்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் அடுத்த மழை என்பது வந்தால் வந்தது, வராவிட்டால் அந்த வருஷத்துச் சோறு போனது.

அப்படி ஒரு பதத்தில்தான் எங்க டிராக்டர் புஞ்சைக்காட்டு நடுவில் நின்றுபோனது.

யுத்தம் முடிந்த மறு வருஷமோ அதற்கு மறு வருஷமோ, வருஷக் கணக்கு எனக்கு நிற்காது. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். கயிறும் தார்ப்பாயும் வாங்கி வருகிறேன் என்று தூத்துக்குடிக்குப் போன எங்க வீட்டுக்காரர், டிராக்டருக்கு விலை பேசிவிட்டு வந்தார். சின்ன டிராக்டர்தான். பெட்ரோலை ஊற்றிக் கிளப்பிவிட்டு, சூடேறினதும் சீமெண்ணெய்க்குத் திருப்பிவிடணும். அதைக் கொண்டுவருவதற்காகத் தொழுவத்தில் நின்ற ஜோடி மாட்டை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்க அப்பா கல்யாணத்துக்கு ஓட்டிவிட்ட மாடுகள். காலையில் தவிட்டுத் தண்ணீரோடு போய் நிற்கிறேன், முளை இருக்கிறது, கயிறு இருக்கிறது, மாட்டைக் காணோம். களவு போய்விட்டது என்று கத்திக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றவர் முகத்தைப் பார்த்ததும்தான் களவில்லை என்று விளங்கியது. அன்றைக்கு வாயை மூடினவள் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஊர்க்காரர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"அண்ணாச்சி, எல்லாம் சரிதான். இது சாணி போடுமா?"

"போடும். நீ வாயத் தொறந்து வச்சுக்க, போடும்" என்றார் இவர்.

"கன்னு ஈனுமான்னு கேளுலே" என்று பின்னாலிருந்து இன்னொருத்தன்.

இவர் சிரித்துக்கொண்டார். ஆனால் எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று. மாடும் இல்லை. இது உழவில்லையென்றால் எங்க காடு தரிசு. அவ்வளவுதான் விஷயம்.

டிராக்டருக்கு வேண்டிய சீமெண்ணெய் அப்போது பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். பீப்பாயில் கொடுப்பார்கள், பீப்பாயைக் காலி பண்ணித் திருப்பிக் கொடுத்துவிடணும். எதில் ஊற்றி வைப்பது என்று இவர் முழித்தபோது என் மதினிதான் கை கொடுத்தார். மதினி என்றால் எங்க வீட்டுக்காரருடைய அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து, இவரை வளர்த்து ஆளாக்கினவர். பனைத் தொழில் முழுக்க அவர் கையில். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் விடிலிக் குடிசையில் பதனி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார். அவர் ஊற்றின கருப்பட்டி என்றால் வியாபாரி தட்டிப் பார்க்காமல் எடுப்பான்.

"ஏலே தம்பி, நம்ம விடிலியில பதனி ஊத்துத தகரம்லாம் பரண்ல சும்மாதான கெடக்கு. அதுல ஊத்து. இந்த வீட்டுல அதவிடச் சுத்தமான பாத்திரம் எங்கன இருக்கு?" என்று அவரே இறக்கிக் கொடுத்தார்.

மழை பெய்தது. பதம் வந்தது. இவர் விடிகாலையில் குளித்து, விபூதி பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, காட்டில் இறக்கினார். எவ்வளவு அழகாக உழுதது தெரியுமா! மண் புரண்டு புரண்டு விழுகிறது, கொக்கு பின்னாலேயே வருகிறது. வரப்பில் நின்ற எனக்கு மாடு விற்ற கோபம்கூடப் பாதி போய்விட்டது. வெயில் உச்சிக்கு வருமுன்னே வண்டி ரெண்டு இருமல் இருமி நின்றது.

வண்டி வாங்கும்போதே அதில் இருந்த வடிகட்டிகள் ரெண்டும் நைந்துபோயிருந்தன. ஒன்று சீமெண்ணெயை வடிக்கிறது, மற்றது இஞ்சினுக்குள் ஓடுகிற ஆயிலை வடிக்கிறது. சீமெண்ணெய் வடிகட்டிக்கு அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்குமாம், அழுக்கு இறங்கினால் வெளியிலேயே தெரியுமாம். எங்க வண்டியில் அது முன்னமே உடைந்து, எவனோ பித்தளைக் குப்பியை வைத்து முடுக்கியிருந்தான். இவர் தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் ஒரு கடையில், விலை குறைச்சலாக, கம்பளியை அட்டை மாதிரி அழுத்திச் செய்த வடிகட்டி ஒன்று வாங்கி அதற்குள் போட்டிருந்தார்.

இப்போது அதைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் களிம்பு. வடிகட்டியை மாவில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"பாத்தியாளா? பஞ்சு உதிருது. ஏமாத்திட்டான் கடக்கரைக்காரன்!" என்று தரையில் அறைந்தார். வாங்கும்போது குறைந்த விலைக்குப் பேசி முடித்த சாமர்த்தியத்தை வீடு முழுக்கச் சொன்னவரும் இவர்தான்.

மறுநாளே தூத்துக்குடிக்கு ஓடி, இந்தத் தடவை பெரிய கடை. சீமைச் சரக்கு. மினுமினுப்பான அட்டைப் பெட்டி, மேலே சிங்கப் படம். விலையைக் கேட்டு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு தகர வளையத்துக்குள் காகிதச் சுருள்.

"இது காயிதமில்லா?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? சீமைக் காயிதம்."

சீமைக் காகிதமும் அரை நாள்தான் உழுதது. வண்டி மறுபடியும் இருமியது, நின்றது. கழற்றினால் அதே வெள்ளைக் களிம்பு. நான் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இவர் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். முதலில் போட்ட மட்டமான வடிகட்டியின் பஞ்சு டாங்கிக்குள்ளே இறங்கிவிட்டது, அதுதான் வந்து வந்து நல்லதையும் அடைக்கிறது என்று. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. காட்டில் பாதிதான் உழுதிருக்கிறது. வெயில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை இறுக்குகிறது. மேட்டுப்பக்கம் அப்போதே வெளுத்துவிட்டது.

"நாளைக்குப் போறேன். அவன் கடையில வச்சே அவன நாலு கேள்வி கேக்கேன்" என்றார்.

கேள்வியோடு நிற்கிற ஆள் இல்லை இவர். கைநீட்டிவிடுவார். நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினேன். மதினி வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து, "அந்தக் கடைக்காரன் நல்லா இருப்பானா, பாவி" என்று மண்ணை வாரித் தூற்றி அனுப்பிவைத்தார்.

கடை, கடலைப் பார்த்த தெருவில். வாசலில் தோணிக் கயிறு, நங்கூரம், உள்ளே இஞ்சின் சாமான். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஆணியில் பெரியதிலிருந்து சின்னது வரை ஸ்பேனர்கள். கடைக்காரர் பெரியதாழை என்கிற கடற்கரை ஊர்க்காரர். லாஞ்சு இஞ்சினில் வேலை பார்த்துக் கைக்காசு சேர்த்துக் கடை வைத்தவர். ரெண்டு தோணிக்காரர்கள் சாக்குமேல் உட்கார்ந்து ஏதோ சாமானுக்குக் காத்திருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி. உழவு முடிஞ்சுதா?" என்று கடைக்காரர் வாய் நிறையக் கேட்டார்.

"முடிஞ்சுட்டு. எனக்கே முடிஞ்சுட்டு! நீரு குடுத்தது பில்ட்டரா, தலகாணியா? பஞ்சு பிதுங்கி வண்டி நடுக்காட்டுல படுத்துக் கெடக்கு."

"பஞ்சா? ஏம் பில்ட்டர்ல பஞ்சு ஏது?"

இவர் துண்டை அவிழ்த்து ரெண்டு வடிகட்டியையும் மேசைமேல் போட்டார். களிம்பு மேசையில் அப்பியது. கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"இது நான் வித்தது. இந்தக் காயிதம் ஏது?"

"பெரிய கடையில வாங்குனது. உம்ம பஞ்சு டாங்கியில எறங்கி இதயும் சேர்த்துக் கொன்னுட்டு. ரெண்டுக்கும் நீருதான் பதில் சொல்லணும்."

"அவன்ட்ட வாங்குன கழுதைக்கு நான் தீனி போடணுமா? நல்லா இருக்கே ஒம்ம நியாயம்!"

"யாருவே கழுதை?"

தோணிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் இவர் சட்டைத் துணியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தாலும் குத்தல் குறையவில்லை.

"அண்ணாச்சி, நான் வித்தது கம்பளி. கம்பளின்னா ஆட்டு மயிரு. மயிரு எரிஞ்சா என்ன நாத்தம் நாறும்னு ஒமக்குத் தெரியும்லா?"

"அது யாருக்குத் தெரியாது?"

"அப்பம் இந்த வெள்ளைய வழிச்சு எரிப்போம். மயிரு நாத்தம் வந்தா எந் தப்பு. ரெண்டு பில்ட்டருக்கும் காசு தாரேன், மாதா சத்தியமா. வரலன்னா இந்தக் கடையில நின்னு பேசின பேச்சயெல்லாம் நீரு திரும்ப முழுங்கணும்."

"முழுங்குதேன். எரியும்."

கடைக்காரர் ரெண்டு வடிகட்டியிலிருந்தும் களிம்பை ஸ்பேனரால் சுரண்டி ஒரு தகரத் தட்டில் குவித்தார். தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். சீமெண்ணெயில் நனைந்தது அல்லவா, குப்பென்று பிடித்தது. முதலில் கரும்புகை, சீமெண்ணெய் நாற்றம். எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். நானும்தான். சீமெண்ணெய் எரிந்து அடங்கியது. தட்டு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. குவியலின் ஓரத்தில் கரேலென்று ஏதோ பொங்கி நுரைத்தது. அப்போது எழுந்தது ஒரு வாசம்.

எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அந்த வாசம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சேலையிலும் தலைமயிரிலும் ஏறிக் கிடக்கிற வாசம். அடுப்பு கொஞ்சம் அதிகமாக எரிந்து, பாகு சட்டியின் அடியில் பிடிக்கும்போது வருகிற வாசம். கருப்பட்டி. நங்கூரமும் கயிறும் தொங்குகிற கடையில், கருகின கருப்பட்டி வாசம்.

"என்ன அண்ணாச்சி, காப்பி போடுதீரா?" என்றார் தோணிக்காரர்களில் ஒருத்தர்.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். இவர் குனிந்து மோந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்து மோந்தார். கடைக்காரர் தட்டை ஆற வைத்து, கருகலை ஒதுக்கிவிட்டு, மிஞ்சின வெள்ளைப் பொடியை விரலால் நசுக்கினார். வெற்றிலை போட்டுப் பழகினவர் போலிருக்கிறது. துளியூண்டு நாக்கில் தொட்டு, தூ என்று துப்பினார்.

"சேசுவே! இது சிப்பிச் சுண்ணாம்புல்லா? எங்க கடக்கரைக் காளவாசல்ல சுடுத சுண்ணாம்பு. முத்துக்குளிச்சுக் குமிச்ச சிப்பியச் சுட்டுதான் எங்கப்பன் எனக்குக் கஞ்சி ஊத்துனாரு, எனக்குத் தெரியாதா? கம்பளி இல்ல, பஞ்சும் இல்ல. சுண்ணாம்பும் கருப்பட்டியும்! அண்ணாச்சி, டிராக்டருக்குள்ள இது எப்படிப் போச்சு? எவனாவது ஒமக்குச் செய்வினை வச்சுட்டானா?"

இவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"இருக்கும்" என்றார். "இருக்கும். ஊர்ல பொறாமை பிடிச்சவனுக கொஞ்சமா? வண்டி வந்த அன்னைலேர்ந்து சுத்திச் சுத்தி வாரானுக. சாணி போடுமான்னு கேட்டவன் கண்ணே சரியில்ல."

"அப்படீன்னா பில்ட்டர் மாத்திப் பிரயோசனமில்ல. கழிப்புக் கழிக்கணும்" என்று தோணிக்காரர் ஒருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறானாம், எலுமிச்சம்பழத்தை அறுத்தால் உள்ளே ரத்தம் வருமாம். இவர் அவனிடம் போக வழி கேட்கிறார்! என் கண்முன்னால் நின்று வழி கேட்கிறார்.

எனக்கோ எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

பதனி இறக்குகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் விடியுமுன் புளித்துக் கள்ளாகிவிடும். பனைக்காரர் வீட்டில் சுண்ணாம்பு என்பது அப்படி. கெடுவதைக் கெடவிடாது, துரு ஏறவிடாது, புழு அண்டவிடாது. அதனால் மதினி ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்ததும் விடிலித் தகரங்களை ஒரு அலம்பு அலம்பி, உள்ளே சுற்றிலும் சுண்ணாம்பைக் குழைத்து நல்ல கனமாகப் பூசி, காயவைத்துப் பரணில் கவிழ்ப்பார். எங்க பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூசினதற்கு அடியில் மூலையிலும் மடிப்பிலும் பதனிப்பாகு காய்ந்து கிடக்கும். அடுத்த வருஷம் மறுபடியும் பதனிதானே ஊற்றப் போகிறோம், அதனால் யாரும் அதைச் சுரண்டமாட்டார்கள். அந்தத் தகரத்தில்தான் சீமெண்ணெய் நிற்கிறது. டிராக்டரில் ஏற்றிக் காட்டுக்குப் போகிற குலுக்கலில் சுண்ணாம்பும் பாகும் பொரிந்து பொரிந்து விழுந்து, அப்படியே டாங்கிக்குள் போயிருக்கிறது. கடைக்காரர் மேல் மண்ணை வாரித் தூற்றின மதினியே ஆசையாக இறக்கிக் கொடுத்த தகரம்!

நான் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, நாலு பேர் முன்னால் எங்க வீட்டுக் குறையை நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதுவும் முன்பின் தெரியாத கடற்கரை ஆண்கள் முன்னால். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் இவர் செய்வினைக்காரனிடம் போகப் பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே போய்க் கழித்து, வந்து, மறுபடியும் அதே தகரத்தில் அள்ளி ஊற்றுவதற்குள் காடு கல்லாகிவிடும். கர்வத்தைக் கஞ்சியில் கரைத்துக் குடிக்க முடியாது.

"செய்வினையும் இல்ல, கண்ணேறும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "அது எங்க மதினி பூசின சுண்ணாம்பு. விடிலித் தகரத்துலதான சீமெண்ணெய் இருக்கு. கடைக்காரர்மேல ஒரு தப்பும் இல்ல."

இவர் என் பக்கம் திரும்பினார். அடிக்க வருகிறாரோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அப்படியே பின்னால் போய்ச் சாக்குமேல், தோணிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் மெதுவாக, "சீமெண்ணெய்க்குச் சுண்ணாம்பா?" என்று கேட்டார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. "புளிச்சுக் கள்ளாயிடக் கூடாதுன்னா? தங்கச்சி, ஒங்க டிராக்டரு குடிச்சுட்டுப் படுக்கக் கூடாதுன்னு காபந்து பண்ணியிருக்காக!" தோணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது ரெண்டும் தீயாய் எரிந்தது.

திடீரென்று கடைக்காரர் சிரிப்பு நின்றுவிட்டது. மேசையைச் சுற்றி வந்து இவர் முன்னால் குந்தினார்.

"அண்ணாச்சி, வெளையாட்டில்ல. ஆயில எதுல வச்சிருக்கீரு? அதுவும் அந்தத் தகரத்துலயா?"

"இல்ல, வந்த டின்லயேதான் இருக்கு."

"மாதாவே, தப்பிச்சீரு. ஆயில் பில்ட்டர்னு என்ன போட்டிருக்கீரு?"

இவர் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"கேக்கேன்லா?"

"சீமைப் பெட்டிக்கே கையில இருந்தது போயிட்டு. ஆயிலுக்குப் பழைய கம்பளியக் கிழிச்சுச் சுருட்டி வச்சிருக்கேன். அதுவும் மயிருதான?"

கடைக்காரர் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. "எங்கன சிக்கனம் பிடிக்கணுமோ அங்கன அள்ளி விட்டிருக்கீரு. எங்கன அள்ளி விடணுமோ அங்கன கந்தலச் சொருகியிருக்கீரு" என்றார். பிறகு எனக்குத்தான் சொன்னார், இவருக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டார் போல. "தங்கச்சி, சீமெண்ணெ பில்ட்டரு அடைச்சா வண்டி நின்னுரும். நின்னு சொல்லீரும், எனக்கு அடைச்சிட்டுன்னு. அதுக்குக் கொறஞ்ச வெலைச் சரக்கு போதும். ஆயில் பில்ட்டரு அப்படி இல்ல. அது கெட்டா ஒண்ணுமே சொல்லாது. வண்டி பாட்டுக்கு ஓடும், உள்ள இஞ்சின் தேஞ்சுகிட்டே இருக்கும். ஒரு நா ஒரேயடியாப் போயிரும். கந்தல் இழை பிரிஞ்சு ஆயில் போற வழிய அடைச்சிருந்தா இந்நேரம் வண்டிய எடைக்குத்தான் போட்டிருக்கணும்."

உழுதபோதெல்லாம் வண்டி நல்லாத்தானே ஓடியது, அழகாக ஓடியது என்று நான் வரப்பில் நின்று பூரித்தேனே. அப்போதே உள்ளே சாவு நடந்துகொண்டிருந்ததா?

"அப்பம் என்ன வாங்கணும்?" என்று கேட்டேன். இவர் இன்னும் சாக்கைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கடைக்காரர் வடிகட்டிகளை எடுத்து வைத்தார். படிப்பு எனக்குக் கையெழுத்தோடு சரி. பெட்டிமேல் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? வடிப்பதைப் பற்றி எனக்குத் தெரியும். பதனி வடித்த கை. கம்பளி வடிகட்டிகளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதினேன். ஒன்றில் காத்து சுலபமாகப் போனது, அது வேண்டாம், அழுக்கும் அப்படித்தான் போகும். ஒன்றில் மூச்சு முட்டியது, அதுவும் வேண்டாம், எண்ணெய் இறங்காது. நடுத்தரமாக ஊதவந்ததை ஒதுக்கினேன்.

"இதக் கழுவிப் போடலாமா?"

"சீமெண்ணெயிலயே அலசிப் போடலாம், பிய்யுற வரைக்கும்."

"அப்படின்னா இதே மாதிரி இன்னொண்ணும் தாங்க. ஒண்ணு வண்டியில இருக்கும்போது ஒண்ண அலசிக் காயப்போடுவேன்."

கடைக்காரர் இவரைப் பார்த்து, "அண்ணாச்சி, முதல்லயே தங்கச்சியக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். இவர் தரையைப் பார்த்தார்.

ஆயிலுக்கு மட்டும் சிக்கனம் பிடிக்கவில்லை. சிங்கப் பெட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும், நூலை இறுக்கிச் சுற்றி, ரெண்டு பக்கமும் தகர மூடி போட்டு, நல்ல கனமாக ஒன்று இருந்தது. எங்க வண்டிக் கூட்டுக்குள் அது சரியாக உட்காருமா என்று கடைக்காரர் நாலு கேள்வி கேட்டு, பழைய வளையத்தை வைத்து அளந்து பார்த்துக் கொடுத்தார். பேசின பேச்சைத் திரும்ப முழுங்கச் சொல்லவில்லை. இவராகத்தான் வாசலில் இறங்கும்போது, "மனசுல வச்சுக்கிடாதீரும்" என்றார். கடைக்காரர் கும்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"அக்காட்ட யாரு சொல்லது?"

நான்தான் சொன்னேன். மதினி நம்பவில்லை. "ஏளா, பதனிக்கு ஆகுத சுண்ணாம்பு சீமெண்ணெய்க்கு ஆகாதோ? சுண்ணாம்பு பட்டு எது கெட்டுப்போயிருக்கு?" என்று என்மேல் பாய்ந்தார். நான் ஒரு தகரத்தை எடுத்து வந்து, மேலாக்கச் சீமெண்ணெயை வேறு பானைக்கு இறுத்துவிட்டு, அடிமண்டியை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினேன். துணியில் சுண்ணாம்புச் சில்லும், கட்டெறும்பு நிறத்தில் பாகுத் துணுக்கும் திட்டுத் திட்டாக நின்றன. மதினி அதை விரலால் தொட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். கடைக்காரனைச் சபித்த வாய் அது. அப்புறம் நார்ப்பெட்டியைத் திறந்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கோடி வேட்டியை எடுத்து நாலாக மடித்தார். அவரே உட்கார்ந்து எல்லாச் சீமெண்ணெயையும் வடித்தார். நான் கைகொடுக்கப் போனதற்கு, "போ அங்கிட்டு" என்றார். அந்தப் பக்கம் இவர் டாங்கியை இறக்கி, கழுவி, குழாயை ஊதி, புது வடிகட்டி ரெண்டையும் மாட்டினார். ஆயில் கூட்டிலிருந்து கம்பளிக் கந்தலை வெளியே இழுத்தபோது அதில் ஒரு மூலை பிய்ந்துபோயிருந்தது. பிய்ந்த மூலை எங்கே என்று தேடி, கூட்டின் அடியில் விரலை விட்டு அதை எடுக்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. இருமவில்லை. ஆனால் இவருக்குப் பயம் போகவில்லை. நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாதோ என்று, கீழே இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். மேட்டுப்பக்கத்தை முதலில் முடிக்கணும், அங்கேதான் மண் இறுகிக்கொண்டு வருகிறது. வெயில் உச்சிக்கு வந்தது. நான் கஞ்சியோடு வரப்பில் நின்று கூப்பிட்டேன். கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். இன்னொரு சுற்று வந்தார், இறங்கவில்லை. முகம் கறுத்துப்போய், உதடு வெடித்துக் கிடந்தது.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உழவுக்குள் இறங்கினேன். வண்டி மெதுவாகத்தான் போகும். பக்கத்திலேயே எட்டு வைத்து நடந்து, கஞ்சிச் செம்பை மேலே நீட்டினேன். அவர் ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டுக் கீழே நீட்டினார். வெங்காயத்தை நான் நேராக வாயிலேயே வைத்தேன். அந்தக் காலத்தில் பகலில், வெட்டவெளியில், ஒரு பொம்பளை புருஷனுக்கு ஊட்டிக்கொண்டு நடப்பதா? பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். "என்ன காலமோ!" என்று ஒரு கிழவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும் என்று நான் நடந்தேன்.

எங்களுக்குப் பின்னால் மதினி, மடி நிறைய விதையோடு, உழுத மண்ணில் விசிறிக்கொண்டே வந்தார். மேட்டுப்பக்கம் முடிந்தது, நடுக்காடு முடிந்தது. ஓடைக்கரை ஓரத்துத் துண்டுக்கு வந்தபோது கலப்பைக் கொழு இறங்கவில்லை, மண்ணைக் கீறிக்கொண்டு மேலேயே ஓடியது. பதம் அங்கே போய்விட்டது. இவர் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தார். மதினி மடியில் மிஞ்சின விதையைப் பார்த்தார், காய்ந்த துண்டைப் பார்த்தார், வண்டிக்கு முன்னால் வந்து கையைக் காட்டினார்.

"போதும்லே தம்பி. நிறுத்து."

இவர் நிறுத்தினார். அந்தத் துண்டு அந்த வருஷம் தரிசாகவே கிடந்தது. மற்ற இடத்தில் பருத்தி முளைத்தது.